காற்றில் அணைந்த திரி

திரியை விரல் தொடவில்லை. வியாகுலத்துக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம், பள்ளிக்கூட வாசலில் வெயிலுக்குள் நிற்கும் இந்தப் பொம்பளைகள் வரிசையும், முன்னால் நிற்கிற சலேத்து மதினியின் வியர்த்த முதுகும், கைக்குள் நனைந்து கசங்கிப்போன பூத் சிலிப்பும், கனவில் வருகிற சாமான்கள் மாதிரித் தள்ளித் தள்ளித் தெரிந்தன. தொடவில்லை. தொடுவதற்குக் கையைக் கொண்டுபோனது நிஜம். குருத்து ஞாயிறு சாயங்காலம் செபமாலை முடிந்து, பங்குச்சாமி அடுத்த ஊருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போன பிறகு, கமிட்டித் தலைவர் தொம்மந்திரை கோயிலின் பெரிய கதவைச் சாத்தச் சொன்னார். வீட்டுக்கு ஒருவர் முன்னால் வரவேண்டும். ஊருக்குக் காவலான வானதூதர் மிக்கேல் சம்மனசின் பாதத்தில் எரிகிற பெரிய திரியிலிருந்து ஒரு சின்னத் திரியைக் கொளுத்திக்கொள்ள வேண்டும். "எங்க வீட்டு ஓட்டு படகுக்கு. மாத்திப் போட்டா எங்க வீடும் இப்பிடி அணையட்டும்" என்று சொல்லி, பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெருப்பை நசுக்க வேண்டும். மிக்கேல்துறையில் வலை திருடினவனைக் கண்டுபிடிப்பதற்கும் பெண்டாட்டியை அடித்தவன் இனி அடிக்கமாட்டேன் என்பதற்கும் உண்டான வழக்கம் அது. எலெக்சனுக்குள் அது எப்போது புகுந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. வியாகுலம் விதவை, அவள் வீட்டுக்கு அவள்தான் தலை. போனாள், கொளுத்தினாள், "எங்க வீட்டு ஓட்டு" என்று ஆரம்பித்தாள். அப்போது பூசை உடுப்பு வைக்கிற சக்கிறீஸ்து அறைப் பக்கமிருந்து கடல்காற்று ஒரு வீச்சு வந்தது. திரி அணைந்தது. அவள் கை உயர்ந்த நிலையில் இருந்தது. பின்னால் இருந்து பார்த்த ஊருக்கு அவள் அணைத்த மாதிரித்தான் இருந்திருக்கும். "அடுத்து" என்றார் தொம்மந்திரை. அவள் திரும்பி வந்து முழங்காலிட்டாள்.

அப்படியானால் அது சத்தியமா இல்லையா. சின்ன வயசில் கன்னியாஸ்திரி அம்மா, அருள் நிறைந்த மந்திரத்தைப் பாதியில் விட்டால் கணக்கில்லை, முதலிலிருந்து சொல் என்பாள். அந்த நியாயப்படி பாதிச் சத்தியம் சத்தியமில்லை. ஆனால் பாவத்துக்கு அதே அம்மா வேறு நியாயம் சொன்னாள். நினைத்தாலே போதும், செய்ய வேண்டியதில்லை. அப்படிப் பார்த்தால் படகுக்குப் போடமாட்டேன் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு சம்மனசின் முன்னால் கையைத் தூக்கியதே போதும், அவள் ஏற்கெனவே பொய்ச் சத்தியம் பண்ணியாகிவிட்டது. காற்று அணைத்ததா, சம்மனசு அணைத்தாரா. அவர் அணைத்தார் என்றால் எதற்கு அணைத்தார்? நீ சத்தியம் பண்ண வேண்டாம், உன்னை விட்டுவிட்டேன் என்பதற்கா, அல்லது உன் வீடு அணையப் போகிறது என்று முன்கூட்டியே காட்டினாரா. மூன்று ராத்திரியாக இந்த இடத்துக்கு வந்து வந்து நிற்கிறாள். வலையில் முடிச்சு விழுந்த இடத்தை விரல் தானாகப் போய்த் தடவுவது மாதிரி. "யாகுலம், தள்ளிட்டு வாட்டி, நடுவுல யானை போகுற அளவுக்கு எடம் விட்டிருக்க" என்றாள் சலேத்து மதினி. வரிசை நகர்ந்திருந்தது. நகர்ந்தாள்.

நகர்ந்ததும் அவர் தெரிந்தார். பள்ளிக்கூட வராந்தாவின் சுவர்க் கூட்டில் நிற்கிற மிக்கேல் சம்மனசு. ஓட்டுப் போடுகிற இடத்தில் சாமி சுரூபம் தெரியக் கூடாது என்று ஆபீசர்கள் சொல்லிவிட்டார்களாம். கோயில்பிள்ளைக்கு வேலை சுலபமாகிவிட்டது. தவசு காலத்துக்காகக் கோயிலுக்குள் எல்லாச் சுரூபத்துக்கும் ஊதாத் துணி போர்த்தியாயிற்று, மிச்சமிருந்ததை இங்கே கொண்டுவந்து போர்த்திவிட்டான். இன்றைக்குப் புதன், நாளைக்குப் பெரிய வியாழன், அதற்கு மறுநாள் பெரிய வெள்ளி. ஆனால் துணி பத்தவில்லை. வாளின் நுனி மேலே துருத்திக்கொண்டு நின்றது. இடக்கையின் தராசில் ஒரு தட்டு கீழே தொங்கியது. முகம் இல்லை. முகம் தெரிகிற சம்மனசைப் பற்றி அவளுக்குப் பயமில்லை, அந்த முகம் பொம்பளைப்பிள்ளை மாதிரி ரோஸ் கலரில் இருக்கும். முகத்தை மூடி வாளை மட்டும் வெளியே விட்டிருப்பதுதான். தட்டு காற்றில் லேசாக ஆடியது. ஒரு தட்டு மட்டும் தெரிகிற தராசில் எதை நிறுக்கிறார்கள் என்று யார் கண்டது.

நிறுத்தால் என்ன வரும். ஒரு பக்கம் லெயோன் முதலாளி அவள் வீட்டுக் கட்டில் பக்கத்தில் முழங்காலிட்டிருக்கிறார். அவருடைய ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும்போது அமோனியாக் குழாய் வெடித்து வியாகுலத்தின் புருசன் சேசடிமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த சமயம். மூச்சு விட்டால் கிழிந்த துருத்தி மாதிரி ஒரு சத்தம். முதலாளி பெரிய கோயிலிலிருந்து மந்திரித்த எண்ணெய் கொண்டுவந்து, தன் கையாலேயே சேசடிமையின் நெஞ்சில் தடவி, முழுச் செபமாலையும் சொன்னார். வெள்ளைச் சட்டை முட்டியில் எண்ணெய்க் கறை. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, அது நிஜத் தண்ணீர்தான், வியாகுலம் பார்த்தாள். சேசடிமை அடங்கின பிறகு லேபர் கோர்ட்டில் அவருடைய மேனேஜர் எழுந்து, இறந்துபோனவர் எங்க ஆளு இல்ல, அன்றைக்கு ஐஸ் வாங்க வந்தவர் என்றான். முதலாளி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். பெரிய வெள்ளிக்கிழமைப் பாடு வாசிக்கும்போது, அந்த மனுசனை நான் அறியேன் என்று சேசுவின் சீடர் இராயப்பர் சொல்கிற இடம் வந்தால் வியாகுலத்துக்கு இப்போதெல்லாம் அந்தக் கைக்குட்டைதான் ஞாபகம் வருகிறது. இராயப்பராவது பிறகு வெளியே போய் அழுதார். முதலாளி வெளியே வந்து காரில் ஏறினார். இப்போது அவர் படகுச் சின்னத்தில் நிற்கிறார். நம்ம ஆளு. ஊர் முழுக்கச் சுவரில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. தையல் மிஷின் சின்னத்தில் நிற்கிற தங்கபுஷ்பம் வக்கீலம்மாதான் சேசடிமைக்காகக் கருப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலிலும் மழையிலும் அந்தக் கோர்ட்டு மாடிப்படி ஏறினவள். கேஸ் இன்னும் முடியவில்லை. அவளும் வேதக்காரிதான், ஆனால் மற்ற சபை, ஊர் வாயில் பதித சபை.

"அந்த பதித சபைக்காரி வந்தாளே, பாத்தியா" என்றாள் சலேத்து மதினி திரும்பி, வரிசை முழுக்கக் கேட்கிற குரலில். "மாதாவ மட்டும் வேண்டாமாம், மாதா பிள்ளைகளுக்க ஓட்டு வேணுமாம். நல்ல நியாயந்தான்." பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். "கோயிலுக்குள்ள வந்து செருப்பக் கழத்தாம நிக்கா மதினி" என்றாள் ஒருத்தி. "கழத்துனா மட்டும் மோட்சமா கெடைக்கப் போவுது?" என்றாள் சலேத்து. மறுபடி சிரிப்பு. வியாகுலமும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும் என்று பட்டது. பிறகு, சிரித்த சிரிப்பு அதிகமாகிவிட்டதோ என்று பட்டது. கேட்டுக்கு வெளியே, ஆபீசர்கள் கிழித்த சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் புறம், தொம்மந்திரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை இவளிடம் வந்து நின்றது. "என்ன சம்மந்தி, இப்பிடி வேர்த்துக் கொட்டுது? மாமியாராவுறதுக்கு இப்பமே பயமா?" என்றார். "வெயிலு அண்ணே" என்றாள். நல்ல மனுசன்தான் அவர். அதுதான் சங்கடம். அவருடைய அக்காள் மகன் கிளைட்டனுக்குத்தான் இவள் மகள் ஜெனிற்றாவைப் பேசியிருக்கிறது. ஈஸ்டர் முடிந்து மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள், இந்தப் பையனுக்கும் இந்தப் பிள்ளைக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. மூன்றாவது ஓலை வருவதும் ஓட்டு எண்ணுவதும் ஒரே வாரம்.

ஓட்டு எண்ணினால் தெரியும். இந்த பூத்தில் மிக்கேல்துறைக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் ஓட்டு இல்லை. எந்த மிஷினில் யாருக்கு எத்தனை என்று எண்ணுகிற இடத்தில் இருக்கும் ஏஜெண்டுகள் குறித்துக்கொண்டு வருவார்கள். போன தடவை ஒரே ஓர் ஓட்டு மாறி விழுந்திருந்தது. ஊரே சல்லடை போட்டுத் தேடியது. கடைசியில் கிறகோரி வீடு என்று முடிவானது. ஏன் கிறகோரி என்றால், அவன் ஒரு தடவை டவுனுக்குப் போகும் பஸ்ஸில் அந்த எதிர்க்கட்சிக்காரனோடு சேர்ந்து உட்கார்ந்து போனான். அவ்வளவுதான். அவன் பெட்டிக் கடையில் வெற்றிலை வாங்கவும் ஆள் போகவில்லை. யாரும் அவனை ஒரு வார்த்தை வையவில்லை, அதுதான் மிக்கேல்துறை. அவன் அம்மா செத்தபோது பெட்டி தூக்க ஆள் வராமல், பங்குச்சாமி அங்கியோடு ஒரு முனையில் தோள் கொடுத்தார். அப்புறம் வெட்கப்பட்டு மூன்று பேர் வந்தார்கள். கிறகோரி இப்போது தூத்துக்குடியில் இருக்கிறான். அவன் போடவில்லை என்று அவன் சொன்னதை வியாகுலம் நம்பினாள். நம்பினாள், ஆனால் அவன் கடைக்குப் போகவில்லை. போகாமல் இருந்ததற்கு அப்போது ஒரு காரணம் இருந்தது, என்ன காரணம் என்று இப்போது வரமாட்டேன் என்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததற்கே அப்படி என்றால், தையல் மிஷினுக்கு ஓர் ஓட்டு விழுந்தால் யார் வீட்டைச் சொல்வார்கள். யோசிக்கவே வேண்டாம். அந்த வக்கீலம்மா ஏறி இறங்கின வீடு இந்த ஊரில் ஒன்றுதான். ஜெனிற்றாவுக்கு இன்னும் லிஸ்டில் பேர் ஏறவில்லை, அந்த வீட்டில் இருப்பதே ஓர் ஓட்டுதான்.

வராந்தாவுக்குள் வந்தாயிற்று. நிழல் சில்லென்று இருந்தது, அதுவும் பயமாக இருந்தது. சம்மனசுக்கு நேர் கீழே நிற்கிறாள். நிமிர்ந்து பார்க்காமல் தரையைப் பார்த்தாள். தரையிலும் வாள் நுனியின் நிழல் கிடந்தது. ஊரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. போன கிறிஸ்மஸுக்குப் பாட்டுப் பாடப் போன பிள்ளைகளை மேற்கே ஒரு கிராமத்தில் மறித்து, இங்கே வந்து மதம் மாத்துறீங்களா என்று கேட்டு, கிற்றாரை மிதித்து உடைத்து, கல் எறிந்தார்கள். ஜெனிற்றாவுக்கு நெற்றியில் தையல். வேனில் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது குட்டிச் சேசுவின் பொம்மையை மடியிலேயே வைத்திருந்தாள், அதன் மேலெல்லாம் ரத்தம். அன்றைக்கு ஸ்டேஷனில் கேஸ் எழுதமாட்டோம் என்றார்கள். லெயோன் முதலாளிதான் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல், எழுதுகிறவரைக்கும் நின்றார். "எங்க பிள்ளைக ரத்தம் சார்" என்றார். அதே வாய். கோர்ட்டில் திறக்காத அதே வாய். அந்த ரத்தத்தை எந்தத் தட்டில் வைப்பது. மேலிடத்தில் நம்ம ஆளு ஒருவன் இல்லாவிட்டால் நாளைக்குக் கோயில் மணி அடிக்கவும் கேட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று தொம்மந்திரை சொல்கிறார். அவர் சொல்வது பொய் என்று நினைக்க வியாகுலத்துக்குத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிஷப் ஆண்டவர் எழுதின சுற்றறிக்கையைப் பங்குச்சாமி வாசித்தார். மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்று இருந்தது. வாசித்து மடித்து வைத்துவிட்டு, மேலே ஒன்றும் சொல்லாமல் விசுவாசப் பிரமாணம் தொடங்கிவிட்டார். மனச்சாட்சி என்றால் ஒன்றுதான் இருக்கும் என்று ஆண்டவருக்கு எப்படித் தெரியும். அவளுக்குள் ஒன்று சேசடிமையின் மூச்சு மாதிரி இழுத்தது. இன்னொன்று ஜெனிற்றாவின் நெற்றித் தழும்பு மாதிரி அசையாமல் இருந்தது.

சலேத்து மதினி உள்ளே போனாள். கீங் என்று சத்தம் வந்தது. நெடுநேரம் ஒலித்த மாதிரி இருந்தது. மதினி வீட்டில் அவள் புருசன்தான் சத்தியம் பண்ணினார். நசுக்கும்போது விரலில் சுட்டு, மயிர் பொசுங்கின வாடை பெஞ்சு வரைக்கும் வந்தது. முழுச் சத்தியம். அவளுக்கு என்ன, ஓங்கிச் சிரித்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவாள். முழுச் சத்தியம் பண்ணினவர்களுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. "அடுத்தவங்க வாங்கம்மா." மேசையில் ஒரு பையன் வியாகுலத்தின் பெயரைச் சத்தமாக வாசித்தான். ஏஜெண்டுகள் நிமிர்ந்து பார்த்துத் தலையைக் குனிந்தார்கள். இடது கை விரலில் மை வைத்தார்கள், ஜில்லென்றது. மூலையில் அட்டை வைத்து மறைத்த மேசை இருந்தது. அதன் பக்கத்தில் போய் நின்றதும் முழங்கால் தானாக மடங்கியது. பாதி மடங்கின பிறகுதான் இது பாவசங்கீர்த்தனத் தொட்டி இல்லை என்று தெரிந்தது. கை நெற்றிக்குப் போய்ப் பிதா சுதன் போட ஆரம்பித்திருந்தது. "என்னம்மா, மயக்கம் வருதா?" என்றார் ஆபீசர். "இல்ல சாமி" என்றாள். சாமி என்று சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை. "ஒரு பொத்தானை அமுக்குங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். மேலே படகு, லெயோன் முதலாளியின் சின்னப் படம். நாலாவது வரியில் தையல் மிஷின், வக்கீலம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு யாரையோ அதட்டப் போகிற மாதிரி. விரல் அங்கேதான் போனது. வீட்டிலிருந்து புறப்படும்போதே அங்கே போவதற்கென்றுதான் விரலைக் கொண்டுவந்திருந்தாள். பொத்தானின் மேல் வைத்தாள். வழுவழுப்பாக, குளிராக இருந்தது. நான் சத்தியம் பண்ணல சம்மனசே, காத்துதான் அணைச்சுது. நீங்களே பாத்தீங்க. உள்ளுக்குள் சொல்லிக்கொண்டபோதே, எங்க வீடும் இப்பிடி அணையட்டும் என்கிற வாசகத்தின் மிச்சப் பாதி, அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பாதி, தானாக நாக்கில் வந்து உட்கார்ந்தது. வீடு என்றால் எது. ஓடும் சுவரும் இல்லை. அந்த வீட்டில் அணைவதற்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு விளக்குதான், இந்நேரம் அது அடுப்படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருக்கும், முடி நெற்றித் தழும்பின் மேல் விழ விழ முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு. மூன்றாவது ஓலை வாசிக்கும்போது கோயிலுக்குள் யாரும் எழுந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெஞ்சு காலியாக இருக்கும், அவ்வளவுதான். விரலைத் தூக்கினாள். மேலே கொண்டுபோனாள். படகை அமுக்கினாள். கீங். பக்கத்துப் பெட்டியின் சின்ன ஜன்னலில் விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு துண்டுத் தாளில் படகு தெரிந்தது. கொஞ்ச நேரம் இருந்தது. தாள் அறுந்து விழுந்தது. விளக்கு அணைந்தது. இந்தத் தடவையும் அவள் விரல் படாமலே.

வெளியே வெயில் முன்னிலும் மஞ்சளாக இருந்தது. சேசடிமை, நான் என்ன செய்ய. திரும்பத் திரும்ப அதுதான் வந்தது. நானும் எழுந்து நின்னு, எங்க ஆளு இல்லன்னு சொல்லிட்டேன். ஆனால் அதற்குக் கீழே, அழுகிற பிள்ளை தூங்கிப் போவது மாதிரி, ஒரு நிம்மதியும் இருந்தது. அது இருந்ததுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இனி எண்ணினால் எண்ணட்டும். தொம்மந்திரையைத் தாண்டும்போது "போட்டாச்சு அண்ணே" என்றாள், கேட்காமலே. அவர் தலையை ஆட்டினார். பூவரச மரத்தடியில் சலேத்து மதினி சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு நின்றாள். இவளைக் கண்டதும் சேர்ந்து நடந்தாள். மாதா கெபியின் கல் குகையைத் தாண்டுகிற வரை வாயைத் திறக்கவில்லை. அது அவள் சுபாவத்திலேயே கிடையாது. வலை காய்கிற மணலில் இறங்கி, முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "போட்டுட்டியா?" என்றாள். "போட்டுட்டேன் மதினி." "நானும் அதுலதான் போட்டேன்" என்றாள் சலேத்து. "எதுல?" "எதுலன்னு கேக்கா பாரு. தையல் மிஷின்லதான்."

வியாகுலம் நின்றுவிட்டாள். மணல் செருப்புக்குள் புகுந்து சுட்டது. "நிக்காத, நட. யாராச்சும் பாத்திரப்போறாவ" என்று மதினி அவள் முழங்கையைப் பிடித்து நடத்தினாள். "சேசடிமை அண்ணன் மூச்சு இழுத்தத சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிடந்து கேட்டவ நான்லா. நீ படகுல போடமாட்டன்னு எனக்குத் தெரியாதா? ஒந்திரி காத்துல அணைஞ்சதையும் பாத்தேன். ஓரமாத்தான இருந்தேன், ஒன் விரலு படவே இல்ல. ஒனக்குச் சத்தியம் கெடையாது. ஆனா ஒத்த ஓட்டு விழுந்தா ஒன் வீடுன்னு பச்சப் பிள்ளையுஞ் சொல்லிரும். ரெண்டு விழுந்தா? எந்த ரெண்டு வீடுன்னு முழிப்பானுவ. ஒன்ன மட்டும் எப்பிடிக் கையக் காட்டுவானுவ? அதுக்குத்தான் போட்டேன்." வியாகுலம் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். "ஒங்க வீட்டுல சத்தியம் பண்ணிருக்காவளே மதினி. பயலுவ ரெண்டு பேரும் கொச்சிப் பக்கம் கடல்ல கெடக்கானுவளே." மதினி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். கடல் பக்கம் பார்க்கவில்லை. "சத்தியம் பண்ணுனது அவரு. போட்டது நான். சம்மனசு கையில தராசு சும்மாவா இருக்கு? நிறுத்துப் பாக்கட்டும்" என்றாள். குரல் வழக்கம்போல எடுப்பாகத்தான் இருந்தது. முழங்கையைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

சொல்லிவிடலாம். இப்போதே, இந்த இடத்திலேயே, மதினி, நான் படகுல போட்டுட்டேன் என்று. சொன்னால் இந்தக் கை முழங்கையை விட்டுவிடும். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எண்ணுகிற அன்றைக்கு ஒன்று என்றுதான் வரும். இரண்டு இல்லை, ஒன்று. மிக்கேல்துறை பூத்தில் தையல் மிஷினுக்கு ஒன்று. தொம்மந்திரை தலையை நிமிர்த்துவார். யாரும் வையமாட்டார்கள். மதினி எழுந்து அது நான்தான் என்று சொல்வாளா, சொன்னால் அவள் புருசனின் சத்தியம் என்ன ஆகும், கடலில் கிடக்கிற பயல்கள் என்ன ஆவார்கள், அவள் சொல்லத்தான் விடலாமா. அவள் சொல்லாவிட்டால் அந்த ஒன்றை யார் கதவில் கொண்டுபோய் வைப்பார்கள் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். போடாத ஓட்டு. சொல்லாத சத்தியம். தொடாத திரி. பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து இன்னொரு கீங் சத்தம் காற்றில் மெலிதாக வந்தது. வீட்டு வாசலில் ஜெனிற்றா மீன் கழுவின தண்ணீரைச் சாய்த்து ஊற்றிக்கொண்டு நின்றாள். இவர்களைக் கண்டு ஈரக் கையைத் தூக்கினாள். "பயப்படாதட்டி" என்றாள் சலேத்து மதினி, காதோரம், இவ்வளவு நேரமும் தேடிக் கடைசியில் கிடைத்துவிட்ட சிரிப்போடு. "ரெண்டு ஓட்டு. ரெண்டுல ஒன்னு எதுன்னு அந்தச் சம்மனசுக்கே தெரியாது."

"ஆமா மதினி" என்றாள் வியாகுலம். "ரெண்டு."